திராட்சைப் பந்தலும் ஒரு பாக்கெட் நோட்டும்

தேனியில் குமுளி பஸ் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்டால், அப்புறம் தூக்கமே வராது. வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயில், அதையொட்டி முல்லைப் பெரியாறு. சின்னமனூர், உத்தமபாளையம் என்று போகப் போக வயல், வாழை, தென்னை. தூரத்தில் நீல மலை. 1895-ல் பென்னி குயிக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சோறு போடுகிறது. அந்த நன்றியில்தான் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது.

கம்பத்துக்குப் பக்கத்தில் என் நாத்தனார் வீடு. கொல்லைக் கதவைத் திறந்தால் திராட்சைப் பந்தல்தான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அவளுக்கு ஏகப் பெருமை.

ஆனால் இந்த முறை நான் போனது திராட்சைக்காக அல்ல. அவள் பையனைப் பார்க்க. எட்டாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் சித்தப்பாவோடு பைக்கில் போனவன், பின்னாலிருந்து விழுந்து தலையில் பலமான அடி. ஹெல்மெட் இல்லை. பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான். தையல் தழும்பை முடி மூடிவிட்டது. நடக்கிறான், சிரிக்கிறான், சாப்பிடுகிறான். "பிள்ளை தேறிட்டான்" என்று எல்லாரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடம் போனபிறகுதான் கஷ்டம் தெரிந்தது. காலையில் படித்தது மத்தியானம் மறந்துபோகும். மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் மனதில் நிற்கும். சத்தம் கேட்டால் தலைவலி. சாதுவாக இருந்த பையன் சட்டென்று கத்துவான். "சோம்பேறி, கவனமில்லை" என்று வகுப்பிலிருந்து புகார் வந்தது.

"நானே அடிச்சுப்புட்டேன் அண்ணி. வேணும்னே செய்யுறான்னு நினைச்சேன்" என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறு பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் விளக்கினாராம்: கை ஒடிந்தால் கட்டு தெரியும், மூளையில் பட்ட காயம் வெளியே தெரியாது. நினைவு, கவனம், கோபத்தை அடக்குவது எல்லாமே அதனால் பாதிக்கப்படலாம். மூளை சீக்கிரம் களைத்துப் போகும். சில குறைகள், பாடம் கடினமாகும் மேல் வகுப்புகளில்தான் தலைகாட்டும்.

அதற்குப் பிறகு வகுப்பாசிரியையும், வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பு ஆசிரியையும் வழி கண்டார்கள். முன் வரிசையில், ஜன்னல் இரைச்சல் படாத இடம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை; அதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது. கடினமான பாடம் காலையில். நடுவில் பத்து நிமிஷம் கண்மூடி ஓய்வு. பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து. பக்கத்து சீட்டுத் தோழன் வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பான். எல்லாவற்றையும் குறிக்கச் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு. வீட்டிலும் அதே ஒழுங்கு: நேரத்துக்குத் தூக்கம், டி.வி., செல்போன் குறைவு.

அமெரிக்காவில் 1990-லேயே இந்தக் காயத்தைப் பள்ளிச் சட்டத்தில் தனிப் பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டின் 2016-ஆம் வருஷச் சட்டத்தில் இருபத்தொரு வகைக் குறைபாடுகள் இருந்தாலும், தலைக்காயம் தனிப் பெயரில் இல்லை. ஆகவே தாய்மார்கள்தான் முந்திக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டின் நகலைப் பள்ளியில் கொடுங்கள். நாள் முழுக்க அனுப்பாமல், டாக்டரைக் கேட்டு அரை நாளாகத் தொடங்குங்கள். பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். வருஷ ஆரம்பத்திலேயே விசாரியுங்கள்.

இன்னொன்று: தலையில் அடிபட்ட குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூக்கு, காதில் ரத்தமோ நீரோ வடிந்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. விபத்துக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் அரசுத் திட்டம் 2021-ல் தமிழ்நாட்டில் வந்தது. நாலு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம். "பக்கத்துத் தெருதானே" என்று விடாதீர்கள்.

மறுநாள் சுருளி அருவிக்குப் போனோம். அருவி இரைச்சலும் கூட்டமும் சேர்ந்ததும் பையன் முகம் சுருங்கிவிட்டது. முன்பானால் அதட்டியிருப்பாள். இப்போது ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்து மர நிழலுக்குக் கூட்டிப்போனாள். கால் மணியில் அவனே எழுந்து வந்தான்.

ஊருக்குக் கிளம்பும்போது சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்தான். "அத்தை, திராட்சை, நாலு மணி பஸ்" என்று எழுதியிருந்தது. ஓடிப்போய்ப் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"மறக்கல பாத்தீங்களா அத்தை!"

பஸ் வீரபாண்டி தாண்டும்வரை அந்தக் குரல்தான் என் காதில் இருந்தது.