பதின்மர் கூடாத ஆலயம்

ஹௌரா நிலையத்தில் அலுவல் முடித்து, பாலம் கடந்து, பிராபோர்ன் சாலையருகேயுள்ள மேகன் டேவிட் என்னும் யூத ஆலயத்தைக் காணச் சென்றோம்.

1798-இல் அலெப்போவிலிருந்து வந்த ஷாலோம் கோஹன் கொல்கத்தா யூத சமூகத்திற்கு வித்திட்டவர். வணிகத்தால் அது தழைத்தது. எலியாஸ் எஸ்ரா தம் தந்தையின் நினைவாக 1884-இல் எழுப்பியது இவ்வாலயம். உள்ளே உருவச்சிலை ஏதுமில்லை. தோரா என்னும் மறைச்சுருளே அவர்தம் பெருஞ்செல்வம். ஆடவர் பதின்மர் கூடினாலன்றி முழுமையான கூட்டு வழிபாடு நிகழலாகாது என்பது மரபு.

1940-களுக்குப்பின் பெரும்பாலோர் இஸ்ரேல், இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். எஞ்சியோர் மிகச் சிலர். பதின்மர் கூடுவது அரிதாயிற்று. ஆயினும் தரையும் விளக்கும் துலங்குகின்றன. அவற்றைப் பேணுவோர் இஸ்லாமிய அன்பர்கள்!

கட்டடத்தைப் பிறர் காக்கலாம். வழிபாட்டை உரியவரே நடத்தல் வேண்டும். அன்பர்களே, நம் சங்கத் தமிழ் வகுப்பிற்குச் சென்ற வாரம் வந்த குழந்தைகள் எழுவரே.