டிஸ்க் அழிந்தது… லினக்ஸ் நிலைத்தது!

உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அதன் அடித்தளமான லினக்ஸ், 21 வயது மாணவர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியது.

1991 ஜனவரியில், பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வீட்டிலிருந்தே பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரோடு இணைய, தானே ஒரு புரோகிராம் எழுதினார். அது வளர்ந்துகொண்டே போய், ஓர் ஆபரேட்டிங் சிஸ்டமாகவே மாறியது. ஆகஸ்ட் 25 அன்று மற்றவர்களுக்கு அறிவித்தபோதும், இது வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக வராது என்றுதான் சொன்னார். செப்டம்பரில் சுமார் 10,000 வரிகளோடு முதல் பதிப்பு வெளியானது.

ஆனால், அவருடைய அன்றாட வேலையெல்லாம் அதுவரை மினிக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தில்தான் நடந்தது. டிசம்பரில் வந்தது சோதனை. மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டார், மினிக்ஸ் அழிந்தது. அதையே மறுபடி போடுவதா, அரைகுறையாக இருக்கும் தன் படைப்பை நம்புவதா? நம்பினார்!

பின்னாளில் ‘ஜஸ்ட் ஃபார் ஃபன்’ நூலில் அந்த நாட்களை அவரே நினைவுகூர்ந்தார். லினக்ஸுக்காக அவர் கேட்டது பணமல்ல, போஸ்ட் கார்டு. பல நாடுகளிலிருந்தும் கார்டுகள் வந்தன. கம்ப்யூட்டரின் தவணைப் பாக்கியையும் பயன்படுத்தியவர்களே பணம் சேர்த்து அடைத்தார்கள்.