அவ எங்க போனா, திரும்பி வாரதுக்கு?

பாட்டுக்காரிகளைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகள் 'மறுவருகை' என்று ஒரு சொல்லைப் போடுகின்றன. பல வருசம் காணாமல் போனவர் திரும்பி வந்துவிட்டாராம். யார் கண்ணுக்குக் காணாமல் போனார்? எந்த வாசலில் திரும்பி வந்து நின்றார்? அந்த வாசலை முதலில் சாத்தியது யார்? இத்தனை கேள்வியையும் அந்த ஒற்றைச் சொல் விழுங்கிவிடுகிறது. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலை முன்வைத்து இதைக் கொஞ்சம் பேச வேண்டும்.

2011 டிசம்பரில் 'ஒஸ்தி' படம் வந்தது. 'தபாங்' என்ற இந்திப் படத்தைத் தமிழில் எடுத்திருந்தார்கள். கதாநாயகன் பேசுவது எங்க திருநெல்வேலித் தமிழ். தமன் இசையில் ஒரு ஆட்டப் பாட்டு. ஈஸ்வரியும் டி. ராஜேந்தரும் பாடியிருந்தார்கள். ஈஸ்வரிக்கு அப்போது 72 வயது. பாட்டு ஊரெல்லாம் கேட்டது. உடனே 'ஈஸ்வரி திரும்பி வந்துவிட்டார்' என்று எழுத ஆரம்பித்தார்கள். நான் அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வீட்டுக்குப் போனபோது அதை ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன். வெத்திலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ஆச்சி கேட்டாள்:

"ஏட்டி, அவ எங்க போனா, திரும்பி வாரதுக்கு? வருசா வருசம் நம்ம கொடையில பாடத்தான செய்யுதா?"

ஆச்சி சொன்னதில் ஒரு பண்பாட்டு வரலாறே இருக்கிறது.

தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணியில் அடுத்தவன் வயலுக்கு நாத்து நட்ட பொம்பளைகளின் தெரு எங்களுது. கொடைக்குக் கால்நாட்டிவிட்டால் மைக் செட்டுக்காரர் வந்து வேப்பமரத்து உச்சியில் இரண்டு குழாயைக் கட்டுவார். முதலில் சீர்காழியின் பிள்ளையார் பாட்டு. அடுத்தது ஈஸ்வரியின் மாரியம்மன் பாட்டு. அந்தக் குரல் கிளம்பினால்தான் தெருவுக்குக் கொடை வந்ததாக அர்த்தம். மாவிளக்குக்கு மாவு இடிக்கிறவள், முளைப்பாரிக்குத் தண்ணி தெளிக்கிறவள், எல்லார் கையும் அந்தத் தாளத்தோடு போகும். சாமக்கொடைக்கு வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம். மேளக்காரர்கள் காப்பி குடிக்கிற நேரத்தில் மறுபடியும் ஈஸ்வரி. ரிக்கார்டுத் தட்டு போய்க் கேசட் வந்தது, கேசட் போய் சிடி வந்தது, இப்போது பென்டிரைவ். பாடுகிறவள் மாறவில்லை.

லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது அவருடைய பெயர். 1939 டிசம்பர் 7 அன்று சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். எங்க தெருவில் அம்மன் கோயிலும் உண்டு, சி.எஸ்.ஐ. சபையும் உண்டு. அண்ணன் வேதக்காரனாக இருப்பான், தம்பி கொடைக்கு வரி கொடுப்பான். மேரி பாடினாள், மாரி ஆடினாள். எங்க ஜனங்கள் யாரும் அதில் முரண்பாடு கண்டதில்லை.

முரண்பாடு சினிமாவில்தான் இருந்தது. தாயோடு சேர்ந்து கோரஸ் பாடப் போனவர் ஈஸ்வரி. 1958இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி. மகாதேவன் அவருக்குத் தனிப்பாட்டு கொடுத்தார். 1961இல் 'பாசமலர்' கல்யாணப் பாட்டைப் பாடினார். அந்தப் பாட்டு ஏறாத கல்யாணப் பந்தல் தமிழ்நாட்டில் குறைவு. அதற்குப் பிறகும் கதாநாயகியின் பாட்டு அவருக்கு எப்போதாவதுதான் கிடைத்தது. 'பணமா பாசமா'வில் (1968) இலந்தப்பழம் விற்கிறவளுக்குப் பாடினார். 'அனுபவி ராஜா அனுபவி'யில் (1967) தூத்துக்குடிப் பேச்சில் பாடினார். கிளப்பில் ஆடுகிறவளுக்குப் பாடினார். 'சிவந்த மண்'ணில் (1969) கதாநாயகிக்கே பாடினார். அதுவும் அவள் ஆட்டக்காரி வேசம் போட்டுக்கொண்டு சாட்டையடிக்கு நடுவில் ஆடும்போதுதான்.

இந்தப் பங்கீட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தாலிக்குத் தலை குனிகிறவளுக்கு ஒரு குரல். தெருவில் கூவி விற்கிறவளுக்கு, நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சிரிக்கிறவளுக்கு, குடிக்கிறவளுக்கு, உடம்பை ஒளிக்காதவளுக்கு எல்லாம் சேர்த்து இன்னொரு குரல். உழைக்கிற பெண்ணையும் 'கெட்ட' பெண்ணையும் ஒரே பட்டியில் அடைத்து ஈஸ்வரியின் தொண்டையில் கட்டிவிட்டார்கள். ராக் அண்ட் ரோல், டுவிஸ்ட் என்று மேற்கத்தியத் தாளங்கள் தமிழ் சினிமாவுக்குள் வந்தபோதும் அந்த வேகத்தை அதிகம் சுமந்த பெண் குரல் அவருடையதுதான். இழுப்பு, விக்கல், சிரிப்பு, கூச்சல் எல்லாமே அதில் இசை. குலவை போட்டே நாத்து நட்டவர்களுக்கு அது ஆபாசமாகப் படவில்லை. குரலை அடக்கி வைப்பதுதான் பெண்மை என்று நினைக்கிறவர்களுக்குத்தான் உறுத்தியது. எண்பதுகளில் சினிமா அவரைக் கூப்பிடுவது குறைந்துபோனது. 'காணாமல் போனது' இவ்வளவுதான்.

ஈஸ்வரி பிறப்பதற்குப் பதினொரு நாள் முன்பு, 1939 நவம்பர் 26 அன்று, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பர் குடும்பத்தில் ஒரு பெண் பிறந்தாள். அன்னா மே புல்லக் என்று பெயர். உலகம் அறிந்த பெயர் டினா டர்னர். அந்தப் பெயரே புருசன் வைத்தது. அடிக்கிற புருசன். 1976இல் கையில் 36 சென்ட் காசோடு அவனை விட்டு ஓடினாள். விவாகரத்தில் சொத்து கேட்கவில்லை, அந்தப் பெயரை மட்டும் கேட்டு வாங்கினாள். கடனை அடைக்க விடுதி விடுதியாகப் பாடினாள். 1984இல், 44 வயதில், 'பிரைவேட் டான்சர்' என்ற இசைத்தட்டு வந்தது. அடுத்த வருசம் கிராமி விருதுகள் வந்தன. ராக் உலகத்தின் மாபெரும் மறுவருகை என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். 2023இல் காலமான டினா அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அது திரும்பி வந்த தட்டு அல்ல, தான் தானாகப் பாடிய முதல் தட்டு என்பது அவருடைய வாதம். இங்கிலீஷ் தெரியாத எங்க ஆச்சியும் அதே இடத்தில்தான் நிற்கிறாள்.

இது வெறும் சினிமா விவகாரம் இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்க கொடை அன்றைக்குச் சாயங்காலம் மேலத்தெருவிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. "கொழாய அந்தப் பக்கம் திருப்பி வைங்கல. பிள்ளைய படிக்கணும்லா" என்றார்கள். போன வாரம் அவர்கள் கோயில் கொடையில் அதே ஈஸ்வரி, அதே மாரியம்மன் பாட்டு. அவர்கள் குழாய் எங்க தெருவைப் பார்த்துத்தான் இருந்தது. அங்கிருந்து வந்தால் பக்தி, இங்கிருந்து போனால் இரைச்சல். மைக் செட்டுக்காரர் மரத்தில் ஏறி ஒரு குழாயை வயல்பக்கம் திருப்பினார். அப்பா பேசாமல் நின்றார். ஆச்சிதான் விடவில்லை. திருப்பின குழாய்க்குக் கீழே போய் நின்று ஒரு குலவை போட்டாள். அவளுக்குப் பின்னால் தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் போட்டார்கள். குலவையைத் திருப்பி வைக்க எந்த மரத்திலும் ஏற முடியாது.

ஈஸ்வரியை 'நம்ம ஆளு' என்று உரிமை கொண்டாட இதை எழுதவில்லை. அவருடைய சாதியைத் துருவுவதும் என் வேலை இல்லை. ஒரு குரல் எங்கே கேட்டது, யார் காது கணக்கில் வந்தது என்பதுதான் என் கேள்வி. ஸ்டூடியோக்காரன் காதும் பத்திரிகைக்காரன் காதும் கணக்கு, கொடைத் தெருவின் காது கணக்கில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? 2020இல் 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடி மாதக் கொண்டாட்டப் பாட்டை ஈஸ்வரி பாடினார். எங்க தெருவிலிருந்து சினிமாவுக்குப் போன பாட்டாகத்தான் அது எனக்குக் கேட்டது. திரும்பி வந்தது சினிமாதான்.

கடைசியாக நம்ம தோழர்களுக்கும் ஒன்று. நாமும் கலை இரவு போடுகிறோம். கணியான் கூத்துக்காரரை, நையாண்டி மேளக்காரரை மேடையேற்றித் துண்டு போர்த்தி, 'அழிந்துபோன கலையை மீட்டெடுத்தோம்' என்று நோட்டீஸ் அடிக்கிறோம். அந்த ஆள் முந்தின வாரம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடையில் விடிய விடிய அடித்துவிட்டுத்தான் வந்திருப்பார். அடுத்த வாரமும் போவார். மீட்டதாகச் சொல்வதை விட்டுவிட்டு அவருக்கு என்ன கூலி, எந்த ஊரில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், எங்கே சாப்பாட்டைத் தனியாக வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நோட்டீசில் அதைப் போடலாம்.