நைட்ரேட் பூஜ்ஜியம்!

மூணு வாரமா நைட்ரேட் பூஜ்ஜியம்தான். ஆனா உப்புத்தண்ணித் தொட்டியில பவளமெல்லாம் பழுப்பேறிக்கிட்டே வந்துச்சு. "கிட் பொய் சொல்லுதுப்பா"ன்னா பொண்ணு. நான் நம்பலை. கணக்கு டேலி ஆனா மேல கேள்வி கேக்காத பேங்க் புத்தி :-)

கடைசியில, 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை நகைத் தராசுல நிறுத்து, 1 லிட்டர் ஆர்.ஓ. தண்ணியா கரைச்சேன். அதுல 10 மில்லியோட புது உப்புத்தண்ணி சேர்த்து 1 லிட்டர் ஆக்கினா 10 பிபிஎம் காட்டணும். கிட் காட்டினது? பூஜ்ஜியம்!

கோளாறு என் கையில. நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்துற துத்தநாகப் பொடி ரெண்டாவது பாட்டில் அடியில படிஞ்சு கிடந்திருக்கு. நான் லேசா ஆட்டிட்டு ஊத்தியிருக்கேன். 30 செகண்ட் பலமா குலுக்கினதும் 10 வந்துச்சு. தொட்டித் தண்ணி? 40!

இப்பல்லாம் பாட்டில் குலுக்குறது அவ. கடிகாரம் பார்க்குறது நான்.