பழைய கணினிக்குப் புதிய கண்

மூன்று மாநிலங்கள் கூடும் நம் குப்பத்துக்குக் கணினி புதியதன்று. 2002-ஆம் ஆண்டிலேயே ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் இங்கு ஒரு சமூகக் கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று. எனினும் நம் குடும்பங்களில் கணினி என்பது ஒருமுறை வாங்கிப் பல்லாண்டு காக்கும் பொருளே.

எங்கள் இல்லத்துக் கணினி, திரையும் பொறியும் ஓருடலாய் அமைந்தது. ஓவியக்கலை பயிலும் என் மகளுக்கு அதன் வேகம் போதவில்லை. கையிற் பணமில்லை, அவள் படிப்போ காத்திராது. வரைகலை அட்டையை மட்டும் மாற்றலாகாதா என ஆராய்ந்தேன்.

இத்தகைய கணினிகள் பலவற்றில் வரைகலைச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்ற இயலாது. 2009 முதல் 2011 வரை வெளிவந்த ஐமேக்குகள் பலவற்றிலோ அது 'எம்எக்ஸ்எம்' என்னும் தனி அட்டை. காந்தத்தால் ஒட்டியிருக்கும் முகப்புக் கண்ணாடியை எடுத்துத் திரையைத் தூக்கினால் உள்ளுறுப்புகள் கைக்கெட்டும். எங்களதும் அவ்வினமே. ஆயினும் மின்னளவும் வெப்பமும் பார்த்தே அட்டையைத் தேர்தல் வேண்டும். ஒவ்வாத நிரலுடைய அட்டையாயின் தொடக்கத் திரை தோன்றாது.

மறைந்த என் தாயாரின் நிழற்படங்களை வேறொரு வட்டில் படியெடுத்த பின்னரே, பெங்களூரில் தொழிலறிந்த ஒருவரிடம் கணினியை ஒப்படைத்தேன். இன்று மகள் அதே திரையில் தடையின்றி வரைகின்றாள்.

நேயர்களே! கணினி வாங்குங்கால் திரையின் அழகை மட்டும் நோக்காதீர்கள். உள்ளுறுப்பு மாற்றத்தக்கதா என்றும் கேளுங்கள். பத்தாண்டு கழித்துப் பயன் தரும் வினா அது.