ஐமவுத் துறைவாயில்

இங்கிலாந்தின் எல்லையைக் கடந்து ஸ்காட்லாந்துக்குள் பிரவேசித்த சிறிது தூரத்திலேயே, ஐ என்னும் சிற்றாறு வடகடலோடு சங்கமிக்கும் இடத்தில், ஐமவுத் என்ற மீன்பிடித் துறைமுகப் பட்டணம் இருக்கிறது. தீர்வை கட்டாமல் தேயிலை இறக்கிப் பெருஞ்செல்வம் திரட்டிய ஜான் நிஸ்பெட் என்னும் வர்த்தகர் 1753-ல் எழுப்பிய கன்ஸ்கிரீன் மாளிகை துறையின் கரையில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. அதைக் காணவே வருகிற பிரயாணிகளும் உண்டு. என் மனம் லயித்ததோ துறைக்கு வெளியே கிடக்கும் ஹர்க்கர் பாறைகளில்தான்.

நான் போன வேளையில் நீர் வற்றியிருந்தது. கரிய பாறைகளின்மேல் பழுப்புநிறக் கடற்பாசி வார் வாராகத் தொங்கியது. காற்றே இல்லாத அந்தப் பிற்பகலிலும், மற்ற இடமெல்லாம் சாந்தமாகக் கிடந்த சமுத்திரம், அந்தப் பாறைகளை நெருங்கியதும் நுரைத்துச் சீறியது.

1881-ஆம் வருஷம் அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை. கடலின் கொந்தளிப்பால் பல நாள் கரையிலேயே முடங்கிக் கிடந்த மீனவர்கள், வீட்டுப் பெண்கள் தூண்டில்களில் கோத்துவைத்த இரை அழுகிப்போகுமே, அடுப்பில் உலை ஏறவேண்டுமே என்ற கவலையால், பாரமானி வெகுவாக இறங்கியிருப்பதைக் கண்டும், காலை வெயிலின் தெளிவை நம்பிப் பாய் விரித்தார்கள். நண்பகலில் வானம் திடீரென்று இருண்டு புயல் வெடித்தது. ஊரை நாடித் திரும்பிய படகுகளிற் சில, மனைவியரும் மக்களும் கரையில் நின்று கதறிக்கொண்டிருக்க, அவர்கள் கண்ணெதிரிலேயே இந்தப் பாறைகளில் மோதிச் சிதறின. அன்று மாண்ட 189 பேரில் 129 பேர் இந்த ஒரே ஊர்க்காரர்கள். வீடு திரும்பும் ஆசையை அடக்கிக்கொண்டு நடுக்கடலிலேயே புயலோடு போராடிய ஏரியல் கெஸல் என்ற படகோ, இரண்டு நாட்களுக்குப் பிறகு, ஊரார் இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்த தன் ஆட்களோடு துறை சேர்ந்தது.

அந்த விதவைகளையும் பிள்ளைகளையும் கடல் பார்த்து நிற்கும் சிறு சிறு வெண்கல உருவங்களாக ஜில் வாட்சன் என்ற சிற்பி வடித்திருக்கிறார்; 2016 முதல் அவை இந்தக் கடற்கரையில் இருக்கின்றன. அவற்றின் முன் நின்றபோது, புயலின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. பிடித்த மீனில் தசமபாகம் குருவானவருக்கே சேரவேண்டும் என்ற பழைய பாத்தியதையை எதிர்த்து, வில்லியம் ஸ்பியர்ஸ் என்ற மீனவரின் தலைமையில் இவ்வூரார் நெடுங்காலம் போராடி, கடைசியில் பெருந்தொகை கொடுத்தே அதிலிருந்து விடுபட்டார்கள். துறையை ஆழப்படுத்திக் கரைகளைப் பலப்படுத்தப் பொருள் சேர்த்திருக்க வேண்டிய வருஷங்களில், தங்கள் உழைப்பைத் தாங்களே அனுபவிக்கும் உரிமைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பணம் துறைக்கே செலவாகியிருந்தால் 129 பேரில் பலர் அன்று மாலை தம் வீட்டு வாசலை மிதித்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.