போய்வர வழி

எனக்கு வயது 76. கிள்ளைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன். சொல்லிக்கொள்ளப் பெருமைகள் சில உண்டு. ஆனால் எனக்குப் பாடம் சொன்னது ஒரு தோல்விதான்.

1980களின் நடுவில், பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் மொட்டையாகக் கிடந்த ஒரு திட்டுக்குப் பிள்ளைகளைத் தோணியில் அழைத்துப் போய்ச் சுரபுன்னைக் கன்றுகள் நட்டோம். துறையில் பந்தல், மிட்டாய், பேச்சு என்று அமர்க்களம். அடுத்த கோடையில் போய்ப் பார்த்தால் காய்ந்த குச்சிகள். அவற்றைச் சுற்றி வெள்ளையாய்ப் பூத்த உப்பு. தோணி தள்ளி வந்த இருளர் பெரியவர், கையால் தடவியே இறால் பிடிப்பவர், மெதுவாகக் கேட்டார்: “வாத்தியாரய்யா, தண்ணி போய்வர வழியில்லாத எடத்துல கன்னு என்ன பண்ணும்?”

நடுவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அவர் சொன்னதன் உட்பொருள் பின்னாளில்தான் விளங்கியது. வெள்ளைக்காரன் காலம் தொட்டு 1970கள் வரை அந்தக் காட்டைக் கூறு கூறாக வெட்டினார்கள். நிழல் போனதும் மண்ணின் ஈரம் வற்றி, தரை தொட்டிபோல் அமிழ்ந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற முடியாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, உப்பை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அங்கே முதலில் மண்வெட்டியைத்தான் எடுத்தார்கள். மீன்முள்போல நடுவில் ஒரு வாய்க்கால், இருபுறமும் கிளை வாய்க்கால்கள். தண்ணீர் போய்வந்தது, உப்பு குறைந்தது. வாய்க்கால் ஓரத்தில் வைத்த கன்றுகள் காடாயின. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, பிச்சாவரம் காட்டின் மறைவில் இருந்த குடியிருப்புகள் திறந்த கரையில் இருந்தவற்றைவிடக் குறைவாகவே அடிபட்டன.

இப்போது காலம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மழை பெய்தால் ஒரேயடியாய்க் கொட்டுகிறது. கடல் மட்டம் உயர்கிறது. கோடையில் உப்புநீர் கொள்ளிடம் ஆற்றில் மேலேறி, கரையோரக் கிணறுகளைக் கெடுக்கிறது. 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தபோது, நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, திட்டுக்காட்டூர் போன்ற கொள்ளிடத்து ஊர்களைச் சுற்றி வெள்ளம் நின்றது.

நாங்கள் சிலர் அரிசியும் போர்வையும் எடுத்துக்கொண்டு ஒரு திட்டுக்குப் போனோம். வெள்ள நிவாரண முகாமுக்கு வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டும் ஒரு அம்மா அசையவில்லை. “பிடிவாதக்காரி” என்றார் உடன் வந்தவர். எனக்குப் பழைய தோணி நினைவுக்கு வந்தது. “ஏம்மா, என்ன தடங்கல்?” என்று கேட்டேன்.

“நான் வந்துடுவேன்யா. மாட்டை எங்க கட்டுறது?”

அவ்வளவுதான் விஷயம். நாலு மாடுகள்தான் அவர் சொத்து. அவற்றை விட்டுவிட்டு முகாமில் போய் எப்படித் தூங்குவார்?

அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே எங்கள் ஊர்ப் பையன்கள் கரைமேட்டில் மாடுகளுக்கு ஒரு கொட்டகை போட்டார்கள். பக்கத்திலேயே ஒரு வைக்கோல் போர். பெரிய செலவில்லை. அது தேவை என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவே.

தீவிலும் திட்டிலும் வாழ்கிறவர்களுக்கு உதவப் புறப்படும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். கையில் கன்றோடு போகாதீர்கள். முதலில் போய் உட்கார்ந்து, எங்கே அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். அங்கே இருப்பவருக்கு அது தெரியும்.

2024இல் கொள்ளிடம் மறுபடி பெருகியது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அந்த அம்மா மாடுகளை ஓட்டிக்கொண்டு மேடேறிவிட்டார். பின்னால் துள்ளி வந்தது ஒரு கன்று. இந்தக் கன்று பிழைத்துக்கொண்டது.